மணல் விட்டது, கரம்பை பிடித்தது

அந்த இரண்டு வாளித் தண்ணீரையும் குழிவரை தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. குழி ஒன்றும் தூரமில்லை. ஜன்னத்தே எண்ணிப் பார்த்திருக்கிறாள். கொல்லைக் கதவிலிருந்து சரியாக இருநூற்றுப் பத்துக் காலடி.

முழுப் பெயர் ஜன்னத்துல் பிர்தௌஸ். வயது பதினொன்று. சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில், கால்வாயை ஒட்டிய தெருவில் அவள் வீடு. அவளுடைய உம்மா, பாய் நெய்கிறவர்களுக்காகக் கோரைப்புல்லில் சாயம் ஏற்றிக் கொடுப்பார். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். அதில் சாயப்பொடியைக் கரைத்து, கோரைக் கட்டுகளை முக்கி எடுப்பார். பச்சை, சிவப்பு, ஊதா என்று நாளுக்கு ஒரு நிறம். உம்மாவின் விரல் நகங்களைப் பார்த்தே அன்றைக்கு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சும் சாயத் தண்ணீரை ஊற்றத்தான் அந்தக் குழி. குளத்தைத் தூர்வாரியபோது எடுத்த கரம்பை மண் அதில் நிறைந்திருந்தது. ஈரத்தில் தொட்டால் கையைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்ளும் கறுப்புக் களிமண் அது. அதன்மேல் மக்கிய சாணமும் இலைதழையும் கிடக்கும்.

"சாயத் தண்ணிய குழியிலதான் ஊத்தணும்" என்பது வீட்டுச் சட்டம். ஏன் என்று ஜன்னத் கேட்டதில்லை. உம்மாவும் சொன்னதில்லை.

அன்று கோடை விடுமுறையின் முதல் சனிக்கிழமை.

"ஏம்மா ஜன்னத்து, இந்த ரெண்டு வாளியையும் குழியில ஊத்திட்டு வந்துரு. பைய தூக்கிட்டுப் போ, சிந்திரப் போவுது" என்றார் உம்மா.

வாளி நிறையப் பச்சைத் தண்ணீர். வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பைத் தேட அவளுக்குப் பொறுமையில்லை. பத்து எட்டு வைப்பதற்குள் உள்ளங்கால் இரண்டும் பொரிந்தன.

பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒரு மணல் குவியல் இருந்தது. அது குற்றாலலிங்கம் மாமாவின் வீடு. மாமா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மாடியில் ஓர் அறை கட்டி முடித்ததில் மிஞ்சிய மணல் அது. மேலே புங்கமர நிழல் விழுந்திருந்தது.

'மண்ணுன்னா எல்லாம் மண்ணுதானே' என்று ஜன்னத் நினைத்தாள்.

முதல் வாளியை மணலில் சாய்த்தாள். நாய் தண்ணீர் குடிப்பதுபோல மணல் சளக்கென்று அத்தனையையும் குடித்துவிட்டது. இரண்டாவது வாளியையும் குடித்தது. மேலே லேசாகத் தெரிந்த பச்சையைக் காலால் தள்ளி மூடினாள். தடயமே இல்லை.

"அதுக்குள்ளயா வந்துட்ட?" என்று உம்மா கேட்டார்.

"ஓடிப்போய் ஓடி வந்தேன்."

அன்று மாலை இடி இடித்து, ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டியது.

*

மறுநாள் காலை மதுமதியின் அலறல் கேட்டுத்தான் ஜன்னத் எழுந்தாள்.

மதுமதி குற்றாலலிங்கத்தின் மகள். ஜன்னத்தும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர்கள் வீட்டில், அந்த மணல் குவியலை ஒட்டிய இடத்தில், போன வருடம்தான் ஓர் உறைகிணறு இறக்கியிருந்தார்கள். அதில் கொசுப் புழுக்களைத் தின்பதற்காக மதுமதி நான்கு கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தாள். கால்வாயில் துண்டு விரித்து இரண்டு நாள் போராடிப் பிடித்தவை. பள்ளிக்குக் கிளம்பும் முன் அவற்றைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வருவாள். அதனாலேயே இருவரும் பாதி நாள் பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தாமதம்.

ஜன்னத் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

கிணற்றுத் தண்ணீர் பச்சையாக இருந்தது. பாசிப் பச்சை இல்லை. பாயில் இருக்குமே, அந்தப் பச்சை. நான்கு மீன்களும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

அவள் பார்வை மணல் குவியலுக்குத் திரும்பியது.

"ஏலே பேச்சிராஜ்!" குற்றாலலிங்கத்தின் குரல் தெருவுக்கே கேட்டது. "என்ன வேல பண்ணி வச்சிருக்க?"

பேச்சிராஜ் பெயின்டர். நான்கு நாளாக அவர்தான் அந்த வீட்டுச் சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அதுவும் பச்சைதான். அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தியவர், ஒன்றும் புரியாமல் கிணற்றடிக்கு ஓடினார்.

"கிணத்துப் பக்கம் பிரஷ்ஷக் கழுவாதன்னு உனக்கு எத்தன தடவ சொன்னேன்!"

"நான் கழுவல அண்ணாச்சி. வாளியில கழுவி, தெருக்கோடி சாக்கடை வாறுகால்லதான் ஊத்துதேன்."

"அப்போ கிணறு தானா பச்சையாச்சா லே?"

"சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி."

"பாரு, எம்பிள்ள அழுவுதத. குடிக்கிற தண்ணி இது. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். இப்பவே கிளம்பு."

பேச்சிராஜ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு சுவருக்கு மேல் தெரிந்த ஜன்னத்தின் முகத்தையும் பார்த்தார்.

ஜன்னத்தின் உதடு அசைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

போன வாரம்தான் அவர் அவளுடைய சைக்கிள் மட்கார்டின் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். "இப்ப பாரு, கலெக்டர் வண்டி மாதிரி இருக்கு" என்று சிரித்திருந்தார்.

பேச்சிராஜ் பிரஷ்களைத் துணியில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

*

'நான் ஊத்துனது மணல்ல. கிணத்துல இல்ல' என்று ஜன்னத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டாள். பல் தேய்க்கும்போதும் சொல்லிக்கொண்டாள். 'மணல்தான் குடிச்சிருச்சே. குடிச்சதை எப்படி வெளிய விடும்?'

ஆனாலும் மனசு அடங்கவில்லை. திங்கட்கிழமை மதியம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டால் என்ன? மண் சாயத்தை விடாது என்று கண்ணால் பார்த்துவிட்டால், தான் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுமே.

இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடிப்பகுதியை வெட்டினாள். வாய்ப்பக்கத்தில் துணி கட்டித் தலைகீழாகத் தம்ளர்களின் மேல் நிறுத்தினாள். ஒன்றில் குவியலிலிருந்து எடுத்த சுத்தமான மணல். இன்னொன்றில் குழிக்குப் பக்கத்தில் கிடந்த, சாயம் படாத கரம்பையும் மக்கிய சாணமும். அண்டாவில் மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரை இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினாள்.

மணல் பாட்டில் உடனே சொட்டத் தொடங்கியது. பச்சை. சொட்டச் சொட்டப் பச்சை. தம்ளர் நிறையப் பச்சை.

கரம்பை பாட்டில் அசையவே இல்லை. தண்ணீர் மேலேயே நின்றது. ஜன்னத் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. லேசான மண் கலங்கல். ஆனால் அதில் பச்சை இல்லை. துளிகூட இல்லை.

அவள் இரண்டு தம்ளர்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மண்ணுன்னா எல்லாம் மண்ணு இல்லை. மணல் குடிக்கவில்லை. வழிதான் விட்டிருக்கிறது. உறைகிணறு இறக்கும்போது உறையைச் சுற்றி மணல் நிரப்பியது அவளுக்கு நினைவு வந்தது. இவள் ஊற்றிய சாயத்தை மழை அந்த மணல் வழியாகவே கிணற்றுக்குள் இறக்கிவிட்டது.

தான் இல்லை என்று காட்டத்தான் அவள் பாட்டிலை வெட்டினாள். அவள்தான் என்று அது காட்டிவிட்டது.

"ஏம்மா, வீட்ல இருந்த பாட்டிலையெல்லாம் எவ வெட்டிப் போட்டது?" என்று கேட்டபடியே உம்மா வந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "என்ன பிள்ள? ஏன் அழுவுத?"

ஜன்னத் எல்லாவற்றையும் சொன்னாள். மணல், மழை, மீன், பேச்சிராஜ் அண்ணன்.

உம்மா திட்டவில்லை. தம்ளரில் இருந்த பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழியில ஊத்துன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு ஒருநாளும் சொல்லலையே. எனக்கே அது தெரியாதும்மா" என்றார் கடைசியில். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "வா. போய்ச் சொல்லிருவோம்."

"நீங்க சொல்லுங்க உம்மா."

"நான் கூட வாறேன். நீதான் சொல்லணும்."

*

குற்றாலலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். எல்லாவற்றையும் ஜன்னத்தே சொன்னாள். கதவருகே நின்ற மதுமதி பாதியிலேயே உள்ளே போய்விட்டாள். உள்ளே ஓர் அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"தெருவுல வச்சு அவனைப் பேசிட்டேனே" என்றார் குற்றாலலிங்கம் மெதுவாக. அவர் முகம் சட்டென்று வாடிப்போயிருந்தது. "கேட்டுருக்கணும். ஒரு நிமிஷம் நின்னு கேட்டுருக்கணும்."

கைப்பேசியை எடுத்துப் பேச்சிராஜை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணாச்சி, நான் புனலூர் வந்துட்டேன். இங்கன ஒரு பள்ளிக்கூடத்துல பெயின்ட் வேல. ரெண்டு மாசம் ஆவும்" என்றது பேச்சிராஜின் குரல். அதில் பழைய கலகலப்பு இல்லை.

குற்றாலலிங்கம் நடந்ததைச் சொன்னார். பிறகு கைப்பேசியை ஜன்னத்திடம் நீட்டினார்.

"அண்ணே, நான்தான் அண்ணே. சாயத் தண்ணிய மணல்ல ஊத்துனது நான்தான். மன்னிச்சிருங்க."

மறுபக்கம் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"நேத்து நீ சுவத்துப் பக்கத்துல நின்னத நான் பாத்தேன் பிள்ள. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு."

"ஆமாண்ணே."

"நேத்தே சொல்லிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவ்வளவுதான். அழைப்பு முடிந்துவிட்டது. அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கோபப்படவே இல்லை.

*

மறுநாள் காலை ஜன்னத் கையுறை மாட்டிக்கொண்டு, கிணற்றோரம் இருந்த பச்சை மணலை மண்வெட்டியால் வெட்டிச் சாக்கில் அள்ளத் தொடங்கினாள். குழிக்கு இழுத்துப் போவாள். வருவாள். மறுபடி அள்ளுவாள். போக இருநூற்றுச் சொச்சம் காலடி, வர இருநூற்றுச் சொச்சம் காலடி.

நான்காவது நடையில் மதுமதி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நான் உன்கூட இன்னும் பேசல" என்றாள்.

"சரி."

"மண்வெட்டிய மட்டும் கொடு. நீ அள்ளுதது பாதி கீழதான் சிந்துது."

இருவரும் பேசாமலே வேலை செய்தார்கள். பேசாமல் இருப்பது மதுமதிக்கு எப்போதுமே கஷ்டம். அரை மணி நேரம்தான் தாங்கினாள்.

"கிணத்துத் தண்ணிய என்ன செய்ய? இறைச்சு வெளிய விட்டா கால்வாய்க்குத்தானே போகும்? அங்கயும் கெண்டை இருக்கே?"

ஜன்னத்தும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாளி இறை. ஒண்ணு பாப்போம்."

வாளித் தண்ணீரில் நான்கு கை கரம்பையைக் கரைத்துக் குச்சியால் நன்றாகக் கலக்கினாள். தண்ணீர் சேறாகியது. அப்படியே நிழலில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை பார்த்தபோது சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது.

"பச்சை எங்கட்டி போச்சு?"

"கரம்பை புடிச்சு வச்சிருக்கு."

"மறுபடி விட்டுட்டா?"

தெளிந்ததை வடித்துவிட்டு, அடிச்சேற்றில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள். காத்திருந்தார்கள். இந்த முறையும் மேலே நின்ற தண்ணீரில் பச்சை தெரியவில்லை.

குற்றாலலிங்கம் கடைக்குப் போகாமல் நின்று வேலை பார்த்தார். கிணற்றைப் பீப்பாய் பீப்பாயாக இறைத்தார்கள். ஒவ்வொன்றிலும் கரம்பையைக் கரைத்துத் தெளியவிட்டு, சேற்றைக் குழியில் கொட்டினார்கள். இப்படியே நான்கு நாள் போயிற்று. கிணற்றைச் சுற்றி, மணலை எடுத்த இடத்தில் கரம்பையும் மக்கிய சாணமும் கலந்து மிதித்து இறுக்கினார்கள். மிதிக்கும் வேலை மட்டும் மதுமதிக்கு மிகவும் பிடித்திருந்தது. வழுக்கி மூன்று முறை விழுந்தாள். மூன்றாவது முறை வேண்டுமென்றேதான்.

புதிதாக ஊறிய தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்து நல்ல தண்ணீர் என்று தெரியும்வரை யாரும் குடிக்கவில்லை.

"வேற மீன் புடிச்சுத் தரட்டுமா?" என்று ஜன்னத் ஒருநாள் கேட்டாள்.

மதுமதி கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேண்டாம். அது வேற மீனு."

அதற்குமேல் ஜன்னத் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியை ஜயலக்ஷ்மியிடம் போய்க் காரணம் கேட்டாள். களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். அவற்றின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கும். கோரைச் சாயத்துக்கோ நேர் மின்னூட்டம். அதனால் காந்தம் இரும்பைப் பிடிப்பதுபோல இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். மக்கிய இலையும் சாணமும்கூடச் சாயத்தைப் பிடித்துவைக்கும். பெரிய பெரிய மணல் துகளுக்கு அவ்வளவு பிடிமானம் இல்லை.

"எவ்வளவு சாயம் ஊத்துனாலும் புடிக்குமா டீச்சர்?"

"நீதான் பாட்டில் வச்சிருக்கியே. ஊத்திப் பாரேன்."

ஊற்றிப் பார்த்தாள். தினமும் ஒரு தம்ளர். பதினொன்றாம் நாள், கரம்பை பாட்டிலின் அடியிலிருந்தும் மெல்லிய பச்சை கசிந்தது. கரம்பைக்கும் கை நிறைந்துவிடும்போல.

அதை அவள் உம்மாவிடம் காட்டினாள். உம்மா அன்று வெகுநேரம் கொல்லையில் நின்று குழியைப் பார்த்தார். எத்தனை வருடம், எத்தனை வாளி!

"கொஞ்சநஞ்சமா ஊத்தியிருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகு அவர் சாயத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. மூடிவைத்து, அடுத்த கட்டுக் கோரைக்கு அதையே மறுபடி சூடாக்கிக்கொள்கிறார். நிறம் வெளுத்துப்போய் மிஞ்சுவது ஒரு சொம்புதான். அதற்குச் சிமென்ட் பூசிய சின்னத் தொட்டியில் புதுக் கரம்பை போட்டிருக்கிறார்கள். பழைய குழியின்மேல் யாரும் செடிகொடி எதையும் நட்டுவிடக்கூடாது என்று வேலி கட்டியாகிவிட்டது.

*

ஆடி மாதம் பேச்சிராஜ் தன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தார். போகிற வழியில் குற்றாலலிங்கம் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

"உள்ள வா பேச்சிராஜ்" என்று குற்றாலலிங்கம் கூப்பிட்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நேரமாவுது."

குற்றாலலிங்கம் தெருவுக்கே இறங்கி வந்தார். நாலு பேர் கேட்கும்படி சொன்னார். "விசாரிக்காம உன்னப் பேசிட்டேன். தப்பு என் பேர்லதான்."

பேச்சிராஜ் தலையை மட்டும் அசைத்தார். பிறகுதான் அவருடைய பார்வை ஜன்னத்தின்மேல் விழுந்தது. அவள் கிட்டே போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் 'பரவாயில்ல' என்று சொல்லவில்லை. சொல்வார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"பாட்டில்ல மண்ணப் போட்டு என்னமோ கண்டுபுடிச்சியாமே? அண்ணாச்சி போன்ல சொன்னாரு" என்றார் அவர்.

ஜன்னத் சொன்னாள். மணல் விட்டதையும் கரம்பை பிடித்ததையும் சொன்னாள். பதினொன்றாம் நாள் கரம்பையும் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் ஹேண்டில் பாரில் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் பிரஷ் கழுவுத தண்ணியையும் கரம்பையில ஊத்துனா புடிச்சு வச்சுக்கிடுமா? நானும் எங்கன போனாலும் வாறுகால்லதானே ஊத்துதேன்."

'ஆமா' என்று சொல்ல ஜன்னத் வாயைத் திறந்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"தெரியலண்ணே. சாயத்துக்குத்தான் பாத்திருக்கேன். பெயின்ட்டுக்குப் பாக்கல."

"பாத்துச் சொல்ல எவ்வளவு நேரமாவும்?"

"முதல் சொட்டு விழவே அரை மணி நேரம் ஆவும்."

பேச்சிராஜ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். வண்டியைப் புங்கமரத்தடிக்குத் தள்ளிப்போய் நிறுத்திவிட்டு, அங்கே கவிழ்ந்துகிடந்த வாளியின்மேல் காத்திருக்க உட்கார்ந்தார்.

ஜன்னத் கரம்பை எடுக்க ஓடினாள்.